எட்டாம் கட்டிலும் ஒன்பதாம் கட்டிலும்

ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நரம்பைத் தேடுவது எப்படி, ஊசியைப் பிடிப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஆறு மாதத்தில் கை தானாகப் படித்துக்கொள்ளும். கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கை தானாகப் படித்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நிர்வாகம் உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இனம், மதம், மொழி பாராமல் சக ஊழியரை மதித்து நடக்க வேண்டும், யாரையும் ஒதுக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல பக்கம்தான், வாசியுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் நான் ஒரு காலத்தில் மீறியிருக்கிறேன். கோபத்தோடு மீறவில்லை. சிரித்த முகத்தோடு, நல்லது செய்கிறேன் என்ற நினைப்போடு மீறினேன். அதனால்தான் இதைச் சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆய்வுகூடத்துக்குத் தலைவர் அவர். கண்டிச் சிங்களக் குடும்பம். ஆனால் தமிழ் பேசுவார். அதுவும் எங்கள் மலைநாட்டுத் தமிழ் இல்லை, அசல் யாழ்ப்பாணத் தமிழ். பேராதனையில் படித்தபோது விடுதியில் அவருடைய அறைத்தோழி பருத்தித்துறைக்காரி. நான்கு வருடம் ஒரே அறை. அந்தத் தோழியிடமிருந்து கற்ற தமிழ் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஹந்தானையிலிருந்தும் அலவத்துகொடையிலிருந்தும் வேலைக்கு வந்த நாங்கள், ஒரு சிங்கள அம்மா “ஓம், வாறன்” என்று சொல்வதைக் கேட்டு முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். பேசுவதை நிறுத்தவில்லை.

எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தியதும் அவர்தான். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். விண்ணப்பத்தில் விலாசத்தை எழுதும்போது தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு வெறுமனே ‘கண்டி’ என்று எழுதியிருந்தேன். அதற்கு முன் போன இரண்டு இடங்களில் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியதை நான் கண்டிருக்கிறேன். மேடம் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செல்வராஜ், கடிதம் போட்டா உங்களுக்கு வந்து சேர வேணும். முழு விலாசத்தையும் எழுதுங்கோ” என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். எழுதினேன். அவர் அதைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

அப்படி வேலைக்கு வந்த நான்தான் பின்னால் இன்னொருத்திக்கு என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

நுஸ்ரா அலவத்துகொடை முஸ்லிம் பிள்ளை. காலை ஆறரைக்கெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். தலையில் முந்தானை போட்டு, மேலே வெள்ளைக் கோட்டு. எங்களிடம் வந்து ஆறு வருடமாகியிருந்தது. சுமாரான வேலைக்காரி இல்லை, அதிசயமான வேலைக்காரியும் இல்லை. உங்களையும் என்னையும் போல ஒழுங்காக வேலை செய்கிறவள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும். குண்டசாலையிலிருந்து வரும் சமிலா என்ற சிங்களப் பிள்ளையும் அவளும் நல்ல சிநேகிதிகள். மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

அந்த வருடம் ஏப்ரலில், ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் மற்றவரின் பையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில் நுஸ்ராவுக்குப் பக்கத்து ஆசனம் காலியாகவே இருக்கும் என்று சமிலாதான் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். நுஸ்ரா சொல்லவில்லை. மேடம் அப்போது மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். இரத்தம் எடுக்கும் அறைக்கு நான் பொறுப்பு.

ஒரு நாள் காலை, வெறும் வயிற்றோடு வந்த ஆட்களால் அறை நிறைந்திருந்தது. மாதா மாதம் மனைவியை நீரிழிவுப் பரிசோதனைக்குக் கூட்டி வருகிற ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். அவர் எந்தச் சமூகம், எந்த மொழி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அந்தச் சமூகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவீர்கள். நுஸ்ராவுக்கு முன்னால் உட்காரும் கதிரைதான் காலியாக இருந்தது. அவர் அவளுடைய தலையைப் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பிள்ளை வேண்டாம், வேறு யாராவது எடுங்கள் என்று, மெல்லக்கூட இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பதினைந்து இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “வாங்க, இப்பிடி வாங்க, நானே எடுக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே அழைத்துப்போய் அந்த அம்மாவுக்கு இரத்தம் எடுத்து அனுப்பினேன். சத்தம் இல்லை, சண்டை இல்லை. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் இன்னொருவர் அப்படிச் சொன்னார். அதன் பிறகு நான் நுஸ்ராவைக் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு இருந்து லேபல் வேலையைப் பாருங்க. வார்ட்டுக்குப் போகணும்னா என்கூட வாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “சரி சேர்” என்றாள். அவ்வளவுதான். அந்த “சரி”யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உங்களில் யாராவது பொறுப்பான இடத்துக்கு வந்தால், கீழே இருக்கிறவர் சொல்லும் “சரி”யை இரண்டு தரம் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களும் “சரி” என்றுதான் சொல்வார்கள்.

மேடம் திரும்பி வந்த அன்று காலை அறைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எங்க நுஸ்ரா?”

நான் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு நாசூக்காகச் சமாளித்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“உள்ளுக்குப் போறன் எண்டு அவ கேட்டவவா?”

“இல்ல மேடம்.”

“நிர்வாகத்தில ஆரும் சொன்னவையா?”

“இல்ல மேடம். நானாத்தான்...”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பிழை செய்தது வந்த ஆள். அறையை விட்டு வெளியில போனது எங்கட பிள்ளை. இது எப்பிடி செல்வராஜ் நடந்தது?” என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அன்றே நுஸ்ரா தன் பழைய கதிரைக்கு வந்தாள்.

அந்த உத்தியோகத்தர் அடுத்த மாதமும் வந்தார். அதே கதிரை காலியாக இருந்தது. அவர் அதையே சொன்னார். நுஸ்ராவின் முகம் சுருங்கியதை நான் கண்டேன். என் உடம்பு பழக்கத்தில் ஓரடி முன்னால் நகர்ந்தது. மேடம் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு அவரிடம் போனார். அவருடைய மொழியிலேயே, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரலில் பேசினார். “உங்களுக்கு உட்காரக் கதிரை தருகிறோம். காத்திருக்க விரும்பினால் காத்திருக்கலாம். அறிக்கையில் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்கலாம். ஆனால் இங்கே வேலை செய்கிறவர்களில் ஆளைத் தெரிந்தெடுக்க முடியாது. என்னையும் முடியாது, இவளையும் முடியாது. இவள் வேண்டாம் என்றால் இந்த ஆய்வுகூடம் முழுவதும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.”

அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியேறத் திரும்பினார். அந்த அம்மா நகரவில்லை. அவர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நுஸ்ராவின் முன்னால் போய் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, “எனக்குப் பசிக்கிறது பிள்ளை, கெதியாக எடு” என்றார். கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

நுஸ்ரா ஊசியை எடுத்தாள். முதல் குத்தில் இரத்தம் வரவில்லை. அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை வந்தது. அந்த அம்மா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு தேநீர் குடிக்கும்போது நான் மேடத்திடம், “நல்ல நேரம், ரெண்டாம் தடவையாவது சரியா வந்துச்சு. இல்லாட்டி நம்ம பேச்சுக்கு மதிப்பில்லாமப் போயிருக்கும்” என்றேன்.

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். “ஏன்? உங்களுக்கு எத்தனை நாள் ரெண்டாம் தரமும் வராமப் போயிருக்கு? அண்டைக்கு ஆராவது உங்கட பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லிப் பேசினவையா? அவ திறமைசாலி எண்டு நான் அந்த ஆளோட கதைக்கேல்ல. அவ எங்கட ஆள் எண்டு கதைச்சனான்.”

அந்தப் பேச்சு எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விளங்கியது. விளங்கிய விதம்தான் நான் உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

ஒரு காலையில் நானும் நுஸ்ராவும் பெண்கள் வார்ட்டுக்குப் போனோம். ஜன்னல் பக்கக் கட்டில்கள் அவளுக்கு, சுவர்ப் பக்கக் கட்டில்கள் எனக்கு. எட்டாம் கட்டிலிலும் ஒன்பதாம் கட்டிலிலும் இருந்த இரண்டு பெண்களுக்கு நான் இரத்தம் எடுத்தேன். பெயரை அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். ஒட்டப் போகும்போது போன் வந்தது. இரண்டு குழாயையும் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். பேசி முடித்துவிட்டு நேர்ஸ்மாரின் மேசையில் வைத்து லேபலை ஒட்டினேன். எல்லாக் குழாய்களையும் ஒரே தட்டில் வைத்து நுஸ்ரா கீழே கொண்டுபோனாள். பதிவேட்டில் தட்டைக் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது. அந்த நாட்களில் எந்தக் கட்டிலுக்கு யார் எடுத்தது என்று எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

பத்தரை மணிபோல வார்ட்டு டொக்டர் கீழே ஓடி வந்தார். சத்திரசிகிச்சை முடிந்திருந்த எட்டாம் கட்டில் பெண்ணுக்கு இரத்தம் போதிய அளவு இருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொல்லியிருந்தது; அதை நம்பி வீட்டுக்குப் போகவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் உடுப்பை மாற்றி, பையைக் கட்டி, கணவர் கொண்டுவந்த முச்சக்கரவண்டிக்குப் போக எழுந்திருக்கிறார். வார்ட்டு வாசலிலேயே கண் இருட்டி விழுந்துவிட்டார். உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒன்பதாம் கட்டிலில் இருந்த பெண்ணோ கன்னம் சிவக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் இரத்தம் மிகவும் குறைவு என்று எங்கள் அறிக்கை சொன்னது. உடனே இரத்தம் ஏற்றப் போனதை டொக்டர் சந்தேகப்பட்டுத் தடுத்திருக்கிறார். திரும்ப எடுத்துப் பார்த்தோம். இரண்டும் இடம் மாறியிருந்தன.

விழுந்த பெண்ணைத் திரும்பக் கட்டிலில் படுக்கவைத்துச் சரியான சிகிச்சை கொடுத்தார்கள். அவர் தேறிவிட்டார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் படியில் இறங்கும்போது விழுந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் வரும்.

அதற்குள் கட்டடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. போகும்போதே அது வளர்ந்தது. இரத்தம் மாறிவிட்டது என்று தொடங்கியது, இரத்தத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஆனது. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் தமிழில் ஒருவர் சொல்வதைக் கேட்டேன். தேநீர் அறையில் சிங்களத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டேன். வேணுமென்று செய்திருப்பாள் என்றார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நிர்வாக அதிகாரி வந்தார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்.

“தட்டைக் கொண்டுவந்தது யார்?”

“நான் சேர்” என்றாள் நுஸ்ரா.

வேறு ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கட்டும், இப்போதே போகட்டும், வெளியில் ஆட்கள் கூடினால் பொறுப்பெடுக்க முடியாது என்றார். சமிலா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவள், அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

எட்டும் ஒன்பதும் என் பக்கத்துக் கட்டில்கள் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் நுஸ்ராவுக்கும். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டாலும் ஒழுங்கான காரணம் இல்லை. போன் வந்தபோது குழாய் மாறியிருக்கும் என்று நிச்சயமாகத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வுபெறச் சில வருடங்களே இருக்கின்றனவே என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: எப்படியும் அவளைத்தானே சொல்கிறார்கள் என்று. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை எழுதப் பயந்த அதே ஆள் நான்.

மேடம் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தவர் அப்போதுதான் வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு கதிரையை இழுத்து நுஸ்ராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “நீங்களும் இருங்கோ பிள்ளை” என்றார். அவள் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரியிடம் திரும்பினார்.

“விசாரணை முடியுமட்டும் வீட்டில இருக்க வேணுமெண்டா, காலமை வேலையில இருந்த எல்லாரும் போக வேணும். பொறுப்பு எனக்கு. அப்ப நான்தான் முதல்ல போக வேணும். ஆய்வுகூடத்தைப் பூட்டுவமா?”

அதிகாரி, யாரென்று கண்டுபிடிக்க வேண்டாமா என்று கேட்டார்.

“கண்டுபிடிக்கத்தான் வேணும். ஆனா முதல் கேள்வி ஆர் எண்டில்லை. எப்பிடி எண்டதுதான் முதல் கேள்வி. எப்பிடி எண்டு தெரியாம ஆரெண்டு தேடினா, எங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காத ஆள்தான் கிடைக்கும்.”

பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துப் பேசினார். எங்களைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன்னுடைய கதையைச் சொன்னார். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், இரண்டு குழந்தைகளின் அறிக்கைகளை மாற்றி அனுப்பிவிட்டாராம். சுகமாக இருந்த குழந்தை இரண்டு நாள் வீணாக மருந்து குடித்ததாம். “எனக்கு அண்டைக்கே தெரியும். சொல்லப் பயந்துபோய் ஒரு பகல் முழுக்கப் பேசாம இருந்தனான். அந்தப் பகலை இப்பவும் மறக்கேல்ல. பிழையை மறந்திட்டன். பேசாம இருந்ததை மறக்கேல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இன்னும் ஒடுங்கிப்போயிருப்பேன். ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

நான் எழுந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. “மேடம், எட்டும் ஒம்பதும் நான் எடுத்தது. நுஸ்ரா அந்தப் பக்கமே வரல்ல. போன் வந்துச்சு. லேபலை அப்புறம் மேசையில வச்சு ஒட்டினேன். மாத்தி ஒட்டினது நான்தான்.”

அதிகாரி என்னையும் நுஸ்ராவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் இவரை அனுப்ப வேண்டும் என்றார். சொல்லும்போது குரலில் பழைய உறுதி இல்லை. என்னைப் பற்றிச் சொல்லும்போது, வேணுமென்று செய்திருப்பேன் என்று அவர் நினைக்கக்கூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

“இல்லை” என்றார் மேடம். “செல்வராஜ் நாளைக்கும் வேலைக்கு வருவார். எழுத்தில ஒரு எச்சரிக்கை குடுப்பன். அது குழாயை மாத்தினதுக்கு இல்லை. ஒரு மணித்தியாலம் வாய் திறக்காம இருந்ததுக்கு.”

அந்தக் கடிதம் இன்னும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பாராட்டுக் கடிதங்கள் எங்கே என்று தேட வேண்டும். இது எங்கே என்று தெரியும்.

மேடம் அன்று பின்னேரமே எல்லா மாடிப் பொறுப்பாளர்களையும் ஒரு அறையில் கூட்டினார். நடந்தது என்ன, செய்தது யார் என்று என்னையே என் வாயால் சொல்லச் சொன்னார். வதந்தி எந்த மாடியெல்லாம் போனதோ அந்த மாடிக்கெல்லாம் உண்மையும் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. சொன்னேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அதைவிட மனம் லேசான மாலையும் இல்லை.

வீட்டுக்குப் போகுமுன் நுஸ்ராவைத் தேடினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டேன். இரண்டுக்கும் கேட்டேன், உள்ளே அனுப்பியதற்கும் பேசாமல் இருந்ததற்கும்.

“நீங்க சொல்லுவீங்கண்டு எனக்குத் தெரியும் சேர்” என்றாள். பிறகு நான் தாமதித்ததைச் சொல்லி, “கொஞ்சம் சுணங்கிட்டு” என்றாள். சிரிக்கவில்லை.

படியிறங்கும்போது திரும்பினாள். “பிழை எல்லாருக்கும் வாறதுதான் சேர். உங்களுக்கு வந்திச்சு, பிழையெண்டு சொன்னாங்க. எனக்கு வந்தீந்தா அதுக்கு என்னண்டு பேர் வச்சீப்பாங்க?”

பதிலை எதிர்பார்க்காமல் போய்விட்டாள். நான் படியிலேயே நின்றேன். திறமைசாலி என்பதற்காக அவளோடு நிற்கவில்லை என்று மேடம் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஒதுக்கப்பட்ட ஆள் நன்றாக வேலை செய்தால் அவரை ஏற்றுக்கொள்வது சின்னக் காரியம். அதற்குப் பெரிய மனது வேண்டாம். அவரும் நம்மைப் போலத் தடுமாறலாம், தடுமாறினாலும் அது வெறும் தடுமாற்றமாகவே பார்க்கப்படும் என்ற நிலைமையை உண்டாக்குவதுதான் கஷ்டம். அதை மேடம் செய்தார்.

எப்படிச் செய்தார் என்றும் சொல்கிறேன். அடுத்த நாள் நீல அட்டை போட்ட ஒரு கொப்பி அறைக்கு வந்தது. ‘எங்கள் பிழைகள்’ என்று மூன்று மொழியிலும் தன் கையாலேயே எழுதியிருந்தார். அவரவர் விட்ட பிழையை அவரவர் மொழியில், நடந்த விதத்தோடு எழுத வேண்டும். அதைக் காட்டி யாரையும் தண்டிக்க முடியாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கியிருந்தார். முதல் பக்கத்தில், அந்த இரண்டு குழந்தைகளின் கதையை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டாம் பக்கம் என்னுடையது. மெல்ல மெல்ல மற்றவர்களும் எழுதினார்கள். எந்தக் கட்டிலுக்கு யார் எடுத்தது என்று குறிக்கும் வழக்கமும், போன் வந்தால் குழாயைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற விதியும் அந்தக் கொப்பியிலிருந்து வந்தவைதான். உங்களுக்கு இன்று அவை சாதாரணமாகத் தெரியும்.

சமிலாவும் நுஸ்ராவும் மறுபடி ஒன்றாகச் சாப்பிட மூன்று வாரம் எடுத்தது. ஒரு மத்தியானம் சமிலா தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நுஸ்ராவின் முன்னால் வைத்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டபடி நின்றாள். ஆறு வருடம் கேட்காமல் உட்கார்ந்த இடம் அது. நுஸ்ரா மூடியைத் திறந்து பார்த்து, “பொலஸ்ஸா?” என்று கேட்டாள். பலாப்பிஞ்சுக் கறி அவளுக்கு உயிர். பேச்சு அதிலிருந்து தொடங்கியது.

ஆனால் நுஸ்ரா மட்டும் கொப்பியில் எழுதவேயில்லை. மாதங்கள் போயின. பிழை விடாமலா இருந்திருப்பாள்? ஒவ்வொரு குழாயையும் மூன்று தரம் பார்ப்பாள். மற்றவர்கள் தேநீருக்குப் போனாலும் சரிபார்த்துக்கொண்டே இருப்பாள். எங்களுக்கு அது நல்ல பழக்கமாகத் தெரிந்தது. மேடத்துக்கு அது கவலையாக இருந்தது. “அவ இன்னும் பயத்திலதான் வேலை செய்யிறா, செல்வராஜ். நாங்கள் இன்னும் முடிக்கேல்ல” என்பார்.

அடுத்த வருடம் ஒரு மழைக்கால வியாழக்கிழமை. மேடம் ஓய்வுபெற இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சமிலா கொப்பியில் ஏதோ எழுதப் போனவள் அப்படியே நின்று பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்தில் தமிழில் இருந்தது.

“இன்று காலை ஒரு ஐயாவுக்கு ஊதா மூடிக் குழாயில் எடுக்க வேண்டியதைச் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எடுத்தேன். அவசரப்பட்டதுதான் காரணம். நுஸ்ரா.”

சமிலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். மேடமும் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். நுஸ்ரா முதுகைக் காட்டியபடி கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கழுவி முடித்த பிறகும்.

“ஐயோ, போன கிழமை நானும் இதைத்தான் செய்தேன்” என்று சிங்களத்தில் சொன்ன சமிலா, பேனாவை எடுத்து அதற்குக் கீழே தன்னுடையதை எழுதத் தொடங்கினாள்.

நுஸ்ரா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு, எங்களில் யாருக்குத் தேநீர் வேண்டும் என்று கேட்டாள்.